மாடி அறை நிறைய ரயில்: விற்பது எப்படி?

கணியூருக்கு ரயில் வராது. உடுமலைக்கோ மைவாடிக்கோ போய்த்தான் ஏற வேண்டும். ஆனால் பொம்மை ரயில் வந்து சேர இந்தப் பக்கத்தில் வழி உண்டு. பின்னலாடை ஆர்டருக்காக ஜெர்மனி, இங்கிலாந்து என்று போய்வந்தவர்கள் திருப்பூரைச் சுற்றி ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மாதிரி ரயில் பித்துப் பிடித்து, போகும்போதெல்லாம் ஒரு இன்ஜினோ நாலு கோச்சோ வாங்கி வந்திருந்தால், இருபது வருடத்தில் மாடி அறை நிறைந்துவிடும். அவருக்கு வயதாகி, வீடு பாகம் பிரிக்கும் பேச்சு வரும்போது பிள்ளைகள் கேட்பார்கள்: இதை யாரிடம், என்ன விலைக்குக் கொடுப்பது?

திருப்பூர் காதர்பேட்டையில் சரக்குப் போட்டவர்களுக்குப் பாதி பதில் தெரிந்திருக்கும். ஸ்டாக் லாட் எடுக்கிற வியாபாரி மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு ரேட் சொல்வார். அதில் நல்ல பீஸும் ஓட்டை பீஸும் ஒரே விலை. அதையே சைஸ் பிரித்து, செகண்ட்ஸைத் தனியாக ஒதுக்கி அடுக்கி வைத்தால் விலை வேறு. ரயிலும் அப்படித்தான். மொத்தமாகத் தள்ளினால் வேலை ஒரே நாளில் முடியும், பணம் குறையும். பிரித்து விற்றால் பணம் கூடும், மாதக்கணக்கில் இழுக்கும். எவ்வளவு உழைப்பைப் போடத் தயார் என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும். ரேட் அதற்கப்புறம்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை பட்டியல் போடுவது. அதற்கும் முன்னால், சில காரியங்களைச் செய்யாமல் இருப்பது. துடைக்காதீர்கள். பளபளப்பாக்க எண்ணெய் போடாதீர்கள். சாவி கொடுத்து ஓடும் பழைய தகர ரயிலில் பெயின்ட் உரிந்திருந்தால் புதுப் பெயின்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். சேகரிப்பவர் கண்ணுக்கு அது பாழானதற்குச் சமம். வெறும் அட்டை டப்பாக்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். ஒரே இன்ஜின் தன் சொந்த டப்பாவோடு வந்தால் ஒரு விலை, டப்பா இல்லாமல் வந்தால் அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலை. உள்ளே மடித்துவைத்த விளக்கத்தாளுக்கும் மதிப்பு உண்டு.

பட்டியலுக்கு ஒரு ஸ்கேல் போதும். தண்டவாளத்தின் இரண்டு கம்பிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பாருங்கள். 16.5 என்றால் எச்ஓ அல்லது ஓஓ. இரண்டுக்கும் பாதை ஒன்றுதான். எச்ஓ வண்டி அசலில் 87-இல் ஒரு பங்கு, பிரிட்டிஷ் ஓஓ வண்டி 76-இல் ஒரு பங்கு. 9 மில்லிமீட்டர் இருந்தால் 'என்' (N) அளவு. 6.5 என்றால் ஜெர்மனியின் மார்க்ளின் கம்பெனி 1972-இல் கொண்டுவந்த இசட். 32 என்றால் ஓ கேஜ். 45 என்றால் தோட்டத்தில் ஓடவிடும் பெரிய ரயில். பிறகு டப்பாவின் ஓரத்திலோ வண்டியின் அடியிலோ உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் கம்பெனியான ஹார்ன்பியின் டப்பாவில் ஆங்கில ஆர் எழுத்தோடு தொடங்கும் எண் இருக்கும். மார்க்ளினில் பெரும்பாலும் வெறும் எண் மட்டும். விலை பார்க்க அந்த எண்தான் பிடி. 'பச்சை இன்ஜின், பழசு' என்று எழுதிவைத்தால் யாருக்கும் பயனில்லை.

ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையை இங்கே கொஞ்சம் அடக்க வேண்டும். அமெரிக்க லயனல் டிரான்ஸ்பார்மர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் புகைதான் வரும். ஜெர்மன் டிரான்ஸ்பார்மர் 220 வோல்ட் என்றாலும், பழைய உலோகக் கூடு உள்ளதை விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் பார்க்காமல் தொட வேண்டாம். மார்க்ளினின் எச்ஓ ரயில்கள் நடுவில் புள்ளிபுள்ளியாக மின்தொடர்பு உள்ள பாதையில், பெரும்பாலும் ஏசி மின்சாரத்தில் ஓடுபவை. ஹார்ன்பி 12 வோல்ட் டிசி. ஒன்றின் இன்ஜினை இன்னொன்றின் பாதையில் வைத்தால் ஓடாது, ஷார்ட் ஆகவும் கூடும். சரியான கண்ட்ரோலர் இருந்தால் மட்டும் ஓட்டி, அதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வையுங்கள். இல்லையென்றால் 'ஓட்டிப் பார்க்கவில்லை' என்று நேராகச் சொல்லிவிடுவது மேல். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. குடோனுக்கு மேல் அறையில் வைத்திருந்தால் பஞ்சுத் தூசி அச்சுகளில் நூலாகச் சுற்றியிருக்கும். அதை ஊசி முனையால் மெதுவாக எடுக்கலாம். இந்த ஒரு சுத்தம் மட்டும் செய்யலாம்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்பு உலோக வண்டி என்றால் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் சேர்ந்துவிட்ட வார்ப்பு, வருடங்கள் போகப்போக உள்ளேயே வெடித்துப் பொடியாகும். இதற்கு வைத்தியம் கிடையாது. வாங்குபவர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

இனி விலை. பழசு என்றாலே விலை அதிகம் என்று நினைக்கிறோம், அது சரியில்லை. ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய தொடக்க செட்டுகள் நாற்பது வருடம் ஆனாலும் மலிவுதான். மார்க்ளின் 1947-இல் எச்ஓ அளவில் வெளியிட்ட சுவிஸ் 'முதலை' இன்ஜினுக்கு இன்றும் போட்டி இருக்கிறது. ஆனால் அதே உருவத்தைப் பின்னாளில் பலமுறை திரும்பச் செய்திருக்கிறார்கள், அவற்றுக்கு அந்த விலை இல்லை. எண் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். விலை தேடும்போது இபேயில் 'விற்றுமுடிந்தவை' என்ற பிரிவை மட்டும் பாருங்கள். என்ன விலையை வேண்டுமானாலும் யாரும் கேட்கலாம். ஒரே எண்ணுக்கு ஐந்தாறு விற்பனை கிடைத்தால் அதன் நடுமட்டம்தான் உங்கள் விலை.

இந்தியாவில் வாங்குபவர் கூட்டம் சிறியது. பெங்களூர், புனே, மும்பை, சென்னை என்று சிதறியிருக்கிறார்கள். ரயில் ஆர்வலர் குழுக்களில் விசாரித்தால் ஒருவர் மூலம் இன்னொருவர் கிடைப்பார். ஆனால் அந்தச் சிறிய கூட்டத்துக்கு ஒரு நெருக்கடி உண்டு, அது விற்பவருக்குச் சாதகம். பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. சுங்க அட்டவணையில் சிறிய அளவு மாதிரிகளும் பொம்மைகளோடு ஒரே தலைப்பில்தான் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைக்க நினைப்பவர் வரியையும் கூரியரையும் கூட்டிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் உங்கள் இன்ஜினுக்கு நல்ல விலை கொடுக்கவே விரும்புவார். ஆகவே என் யோசனை இது: ஓடுகிற நிலையில் உள்ள, கடந்த முப்பது நாற்பது வருடத்துச் சரக்கை இந்தியாவுக்குள்ளேயே விற்கப் பாருங்கள். பழைய தகர ரயில், டப்பாவோடு உள்ள அபூர்வச் சரக்கு ஆகியவற்றை மட்டும் வெளிநாட்டு ஏலத்துக்கு யோசியுங்கள்.

இங்கிலாந்தில் வெக்டிஸ், ஸ்பெஷல் ஆக்‌ஷன் சர்வீசஸ் போன்ற ஏலக் கம்பெனிகள் பொம்மை ரயிலுக்கென்றே ஏலம் நடத்துகின்றன. போட்டோவும் பட்டியலும் அனுப்பினால் எது தேறும் என்று சொல்வார்கள். கமிஷன் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் எடுப்பார்கள். இன்ஷூரன்ஸ், போட்டோ செலவு தனியா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூரியரில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அது நிஜ எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் காசு. காலி இடத்தோடு பெரிய அட்டைப்பெட்டி அனுப்பினால் காற்றுக்கும் பணம் கட்டுவீர்கள். எக்ஸ்போர்ட் வீடு என்பதால் கம்பெனியின் ஏற்றுமதி-இறக்குமதி (ஐஇசி) எண்ணிலேயே அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அப்பாவின் சொந்தப் பொருளை கம்பெனிக் கணக்கில் கலக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வருமான வரியில் சொந்த உபயோகப் பொருள் விற்பனைக்குத் தனி இடம் உண்டு, அதையும் அவரே சொல்வார்.

நூறு வயது கடந்த பொருளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று ஆர்வத்துக்குரிய நூறாண்டுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஹார்ன்பி ரயில் 1920-இல் தொடங்கியது; ஜெர்மன் தகர ரயில்கள் அதற்கும் முந்தியவை. எல்லைக்கோட்டில் இருப்பதை அனுப்புமுன் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கிவிடுவது நல்லது.

பிரிக்காமல் முழுத் தொகுப்பாகவே ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று குடும்பத்தில் யாராவது கண்கலங்கிச் சொல்வார்கள். முடியாததில்லை. அமெரிக்காவில் ஜெர்ரி கிரீன் சேர்த்த சுமார் 35,000 பொருள் கொண்ட ஜெர்னி தொகுப்பு, 2014-இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்திடம் போய்ச் சேர்ந்தது. பாடகர் நீல் யங்கின் லயனல் ரயில்கள் 2017 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தபோதோ தனித்தனி லாட்டாகத்தான் போயின, அவர் பெயரே விலையைத் தாங்கியும்கூட. புனேயில் பாவ் ஜோஷி தம் ரயில்களை 1998-இல் கோத்ரூடில் சிற்றுருவ ரயில் காட்சியகமாகவே திறந்துவிட்டார். சொந்த இடமும் பராமரிக்க ஆளும் இருந்தால் அது ஒரு வழி. சென்னை பெரம்பூரிலுள்ள ரயில் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் கொடுக்க நினைத்தால், அன்பளிப்பாகக் கொடுப்பதாக நினைத்தே பேசுங்கள்.

நேராக ஆன்லைனில் விற்கும்போது ஒரு ஏமாற்று வேலை அடிக்கடி வரும். பேரம் பேசாமல் கேட்ட விலைக்கே ஒப்புக்கொண்டு, 'பணம் போடுகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்' என்பார்கள். பணம் வாங்க யாரும் பின் நம்பர் போடத் தேவையில்லை. போட்டால் உங்கள் பணம் போகும். மாட்டிக்கொண்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

பேக்கிங்குக்கு இந்தப் பக்கத்தில் குறையே இல்லை. ஏற்றுமதிக்கு வரும் ஏழடுக்கு அட்டைப்பெட்டி, சிலிகா ஜெல், டிஷ்யூ பேப்பர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். துணி கட்டிங் வேஸ்ட்டை வெளிச் சுற்றுக்கு மட்டும் அடையுங்கள். அது வண்டியைத் தொட்டால் மறுபடி பஞ்சு சுற்றிக்கொள்ளும்.

மேசைமேல் மலையும் சுரங்கமும் வைத்து அமைத்த பெரிய லேஅவுட்டுக்குக் கிட்டத்தட்ட விலையே கிடையாது. தூக்கிப்போக முடியாது, பிரித்தால் உடையும். தடம் மாற்றும் பாயின்ட்டுகள், அவற்றின் மோட்டார்கள், சிக்னல்கள், வீடுகள் ஆகியவற்றைக் கழற்றித் தனியாக விற்கலாம். பிளைவுட் தச்சருக்குப் போகும். கடைசியில் மிஞ்சுவது நேர் தண்டவாளமும் வளைவுத் தண்டவாளமும் சாதாரண வேகன்களும். அவற்றைத் தனித்தனியாக விற்க முயன்றால் போஸ்டேஜே பொருளைவிட அதிகமாகும். ஒரே வகையைச் சேர்ந்ததாகப் பார்த்து, ஒரு வட்டப் பாதைக்கான துண்டுகள், ஓடுகிற சாதாரண இன்ஜின் ஒன்று, இரண்டு மூன்று வேகன், நம் மின்சாரத்துக்கு ஏற்ற கண்ட்ரோலர் என்று ஒரு செட்டாகக் கட்டிப் போடுங்கள். பிறந்தநாளுக்குத் தேடுகிற யாராவது ஒருவர் திருப்பூரிலோ கோவையிலோ நேரில் வந்தே எடுத்துப்போவார்.