பழைய ஜீப்புகளில் பேட்டரியைப் பாதுகாப்பாகப் பொருத்துதல்

பழைய ஜீப் வகை வாகனங்களில் பேட்டரியைப் பாதுகாப்பாகப் பொருத்துதல் என்பது, மேடுபள்ளமான பாதையில் ஓடும்போது பேட்டரி எந்தப் பக்கமும் நகராதபடி அதன் தட்டில் இறுக்குவதையும், அதன் முனையங்கள் வாகனத்தின் இரும்புப் பகுதிகளில் படாதபடி காப்பதையும் குறிக்கும். சாலையில் மட்டும் ஓடும் காரில் தளர்ந்த பேட்டரி பல மாதங்கள் கவனிக்கப்படாமலே இருக்கலாம். மலைப்பாதையில் ஓடும் ஜீப்பில் அது ஒரே நாளில் தீ விபத்தாக மாறக்கூடும்.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947 இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிகள் பல இன்றும் மலைத்தோட்டங்களிலும் சுற்றுலாத் தலங்களிலும் ஓடுகின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்கு, வண்டியில் உள்ள ஒவ்வொரு பொருளும் எப்படிக் குலுங்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அசைவதால் வரும் ஆபத்து

பேட்டரி 12 வோல்ட்டுதான், தொட்டால் ஷாக் அடிக்காது. இதனாலேயே பலர் அதை ஆபத்தில்லாத பொருளாக நினைக்கிறார்கள். உண்மையான ஆபத்து அது தரக்கூடிய மின்னோட்டத்தில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் தேவைப்படுவதால், பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குச் செல்லும் தடித்த வயரில் பழைய வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது. பேட்டரி துள்ளி அதன் நேர்முனை பானெட்டைத் தொட்டால், அந்த மின்னோட்டத்தைத் தடுக்க இடையில் எதுவும் இல்லை. இரும்பு பழுக்கக் காய்ந்து, வயரின் உறை உருகிப் பற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே எரிபொருள் குழாய் இருக்கும்.

இத்துடன் வாயுவும் சேர்கிறது. சார்ஜ் ஆகும்போது ஈய-அமில பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடுகிறது. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் ஒரு பொறியே அதை வெடிக்கச் செய்யும். பேட்டரி வெடித்தால் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும்.

விபத்து எதுவும் நேராவிட்டாலும் பேட்டரியின் ஆயுள் குறையும். தொடர்ந்த அதிர்வில் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளின் மேல்பூச்சு உதிர்ந்து அடியில் தங்கும். அது தகடுகளை எட்டும்போது அந்த அறை செயலிழக்கும். “புது பேட்டரி ஒரு வருசம்கூட வரவில்லை” என்று கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் கிளாம்ப்பைப் பார்ப்பது நல்லது.

முதலில் தட்டு

பழைய வண்டியில் கோளாறு பெரும்பாலும் கிளாம்ப்பில் தொடங்குவதில்லை. பேட்டரி உட்காரும் இரும்புத் தட்டில்தான் தொடங்குகிறது. பல ஆண்டுகளாகக் கசிந்த அமிலம் அதை அரித்திருக்கும். மேலே பெயின்ட் நன்றாகத் தெரிந்தாலும், பேட்டரியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஓட்டை விழும். இப்படி இற்றுப்போன தட்டில் எவ்வளவு நல்ல கிளாம்ப்பை மாட்டினாலும் பயனில்லை. குலுங்கும்போது தட்டே பிய்ந்து வரும்.

துரு மேலோட்டமாக மட்டும் இருந்தால், தட்டைக் கழற்றிச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவ வேண்டும். நுரை வருவது நின்றால் அமிலம் செயலிழந்துவிட்டது என்று பொருள். இந்தக் கரைசல் பேட்டரிக்குள் போகக் கூடாது. கழுவி உலர்த்திய பின் துருத்தடுப்பு பெயின்ட் பூசி, அடியில் ரப்பர் விரிப்புப் போடலாம். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது. விரிப்பின் கீழ் ஒரு சிறு கல் மாட்டிக்கொண்டாலும் அது நாளடைவில் பேட்டரியின் அடியைத் துளைத்துவிடும். தட்டு அரித்துப்போயிருந்தால் புதிதாக வெல்டிங் செய்வதுதான் வழி. அதற்கு முன் பேட்டரியை வண்டியை விட்டு வெளியே எடுத்துவிட வேண்டும்.

கிளாம்ப்

டீசல் ஜீப்பின் பேட்டரி ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ளது என்று கொள்வோம். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது புவியீர்ப்பைப் போல் மூன்று மடங்கு அதிர்ச்சி ஏற்பட்டால், கிளாம்ப் 60 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும். சைக்கிள் டியூப் வார், கயிறு, கொக்கி வைத்த ரப்பர் பட்டை ஆகியவற்றால் இது முடியாது. ரப்பர் நீளும், நீண்டால் பேட்டரி துள்ளும். இன்ஜின் சூட்டிலும் அமில ஆவியிலும் அது விரைவில் வெடித்தும் போகும்.

பேட்டரியின் மேல் ஒரு சட்டம், இரு பக்கமும் தட்டில் மாட்டும் கொக்கி வடிவ போல்ட்டுகள் என்பதே பழைய ஜீப்புகளுக்குப் பொருந்தும் எளிய அமைப்பு. சட்டம் இரும்பாக இருந்தால், பேட்டரியில் படும் இடங்களில் ரப்பர் வைக்க வேண்டும். அது முனையங்களின் மேலோ அவற்றுக்கு மிக அருகிலோ செல்லக் கூடாது. நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக் பெட்டி பிதுங்கி விரிசல் விடும். அசைவு நின்றதும் நிறுத்தி, தளராத நட்டோ இரட்டை நட்டோ போட்டால் போதும்.

இரு கைகளாலும் பேட்டரியைப் பிடித்து எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் வண்டியே ஆட வேண்டும். வண்டி கவிழ்ந்து தலைகீழாகக் கிடந்தாலும் பேட்டரி இடத்தில் நிற்குமா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

பானெட்டும் வயர்களும்

இன்று கடையில் கிடைக்கும் பேட்டரி, வண்டியில் முதலில் இருந்ததைவிட உயரமாக இருக்கலாம். பானெட்டுக்கும் முனையத்துக்கும் உள்ள இடைவெளியை அறிய, இரு முனையங்களின் மேலும் சப்பாத்தி மாவு உருண்டை வைத்து பானெட்டை மூடித் திறந்தால் போதும். நசுங்கிய மாவின் தடிமனே இடைவெளி. அது விரல் தடிமனுக்குக் குறைவாக இருந்தால் உயரம் குறைந்த பேட்டரியே நல்லது. எப்படியிருந்தாலும் நேர்முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம் தேவை.

வயர்களில் சற்றே தளர்வு வேண்டும், ஏனெனில் இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் அசையும். ஆனால் அவை கூரான விளிம்பில் உரசக் கூடாது. கிளாம்ப் இல்லாத வண்டியில் வயர்களே பேட்டரியைப் பிடித்து நிறுத்துகின்றன. அப்போது ஈய முனையம் ஆட்டம் கண்டு அதன் அடியில் அமிலம் கசியும்.

கழற்றும் வரிசை

எர்த் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். எர்த் இணைந்திருக்கும்போது மற்ற முனையில் உள்ள ஸ்பானர் பாடியில் பட்டால் சுற்று முழுமையாகிவிடும். இதை “நெகட்டிவை முதலில் கழற்று” என்று மனப்பாடம் செய்வது எல்லா வண்டிக்கும் சரிவராது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த லேண்ட் ரோவர்களில் நேர்முனைதான் சேசிஸுடன் இணைக்கப்பட்டிருந்தது. எனவே எந்த வயர் சேசிஸுக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிவது அவசியம். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இடம் மாற்றுதல்

சிலர் பேட்டரியை இருக்கைக்கு அடியிலோ பின்பக்கமோ மாற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் மூடிய பெட்டியும், வாயு வெளியேறக் குழாயும் தேவை. மெல்லிய தகட்டில் போல்ட்டை மட்டும் போட்டால் அது கிழித்துக்கொண்டு வரும். பந்தயக் கார்களுக்கான எஃப்ஐஏ விதிகள் இதற்கு நல்ல அளவுகோல். காப்பிடப்பட்ட இரண்டு உலோகக் கிளாம்ப்கள், குறைந்தது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டுகள், ஒவ்வொரு போல்ட்டின் கீழும் 3 மில்லிமீட்டர் தடிமனும் 20 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட தாங்கு தகடு ஆகியவற்றை அவை கேட்கின்றன. அமிலம் சிந்தாத அடைப்பு வகை பேட்டரி வைத்தாலும் இதே அளவு பிடிப்பு வேண்டும், அதன் எடை குறைந்துவிடுவதில்லை.