ஓ.பி. சீட்டில் ‘கூலி’ என்று எழுத விடாதீர்கள்

வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, நாள்கணக்கில் மலச்சிக்கல், வெளிறிய முகம். மருத்துவமனைக்குப் போனால் வாயுத் தொல்லைக்கு மாத்திரை தருகிறார்கள்; ஓ.பி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதுகிறார்கள். தெர்மிஸ்டர் தொழிற்கூடத்தில் ஈய ஆக்சைடு கையாள்கிறவருக்கு அந்த ஒற்றைச் சொல்லால் சரியான சிகிச்சையும் போகிறது, இழப்பீடும் போகிறது.

சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் பீங்கான் வில்லைதான் தெர்மிஸ்டர். கொசு விரட்டி மெஷினில் திரவத்தைச் சூடாக்குவதும், பல ஃபிரிட்ஜ்களில் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுவதும் பி.டி.சி. வகை. இதன் மூலப்பொருளான பேரியம் டைட்டனேட்டின் மின்தடை மாற்றம் 120 டிகிரி செல்சியஸை ஒட்டி நடக்கும். ஹீட்டருக்கு அதைவிடச் சூடு தேவை என்பதால் பேரியத்தில் ஒரு பங்கை நீக்கி ஈயம் சேர்க்கிறார்கள். ஏ.சி. சென்சாரில் இருக்கும் என்.டி.சி. வகைக்கு மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் ஆக்சைடுகள்.

சுட்டெடுத்த வில்லையைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. தூளாக இருக்கும்போதுதான் ஆபத்து. எடைபோடும் மேசை, பால் மில்லைத் திறந்து கொட்டும் இடம், சலிப்பு, பிரஸ், சுட்ட வில்லையைத் தேய்க்கும் லாப்பிங் எல்லாம் தூசிதான். உலை 1,300 டிகிரி வரை போகும். ஈய ஆக்சைடு அதற்கு வெகு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். புகையை இழுக்கும் எக்ஸாஸ்ட் பழுதானால் வேலையை நிறுத்த வேண்டும். உற்பத்தி கெடும் என்று ஓட்டுவது குற்றம். துணி முகமூடி இந்தத் தூசிக்குப் போதாது. ஏர் கன்னால் சட்டையை ஊதிக்கொள்வது அதைவிட மோசம். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது வேலையை. “ஈயத் தூளில் இத்தனை மாதமாக வேலை” என்று சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் சோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சோதனை அதற்கு ஈடாகாது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து தடுக்க வேண்டும் என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல். மாங்கனீசுப் பிரிவில் இருப்பவருக்குக் கை நடுக்கமோ நடைத் தடுமாற்றமோ வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஈய நச்சும் மாங்கனீசு நச்சும் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அறிவிக்க வேண்டிய நோய்கள். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலும் நிர்வாகமும் மருத்துவரும் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் கைகழுவும் மருத்துவர்களை அதிகாரிகள் ஏன் கேட்பதில்லை?

தமிழ்நாட்டில் புகார் போக வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். வாய்ப்பேச்சு வேண்டாம். எந்தப் பிரிவு, என்ன தூள், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி, பட்டுவாடாச் சான்றுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலும் ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் இ.எஸ்.ஐ. எண் கேளுங்கள். கான்ட்ராக்ட் ஆள் என்று தட்டிக்கழித்தாலும் விடாதீர்கள். ஈய நோய்க்கு இழப்பீடு கேட்க, அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். அதைக் காட்ட சம்பளச் சீட்டு, கேட் பாஸ், வருகைப் பதிவின் போட்டோ எல்லாம் உதவும். இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர், தொழிலாளர் துறையில் இழப்பீட்டுக்கான அதிகாரியிடம் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். அந்த மனுவோடு இணைக்கும் முதல் காகிதம், வேலை இன்னதென்று எழுதிய ஓ.பி. சீட்டு.