சம்பளம் தள்ளிப்போகிறதா? உஷார்!

கோடை வந்துவிட்டால் கூடைப்பந்து ஏஜென்ட்டுகளின் போன் ஓயாது. துருக்கி, லிதுவேனியா, லெபனான், பிலிப்பைன்ஸ் என்று எங்கேயோ ஒரு கிளப்புக்கு உயரமான ஆள் அவசரமாகத் தேவைப்படும். டாலரில் சம்பளம், தங்க வீடு, ஓட்டக் கார், போகவர விமான டிக்கெட் எல்லாம் உண்டு. என்.பி.ஏ.வில் இருப்பதே 30 அணிகள்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடி முடித்து வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். இந்த வருஷம் ஒரு நாடு, அடுத்த வருஷம் வேறொன்று. இந்தியாவிலிருந்தும் அம்ரித்பால் சிங் 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணிக்குப் போனார்.

போவதில் தப்பே இல்லை. ஆனால் போன இடத்தில் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போய், “பாங்க்கில் ஏதோ சிக்கல், அடுத்த வாரம் வந்துவிடும்” என்று மேனேஜர் தோளில் தட்டிச் சொன்னால், அன்றைக்கே விழித்துக்கொள்ளுங்கள். பணம் வராமல் போவதுகூட இரண்டாவது ஆபத்துதான். வரும் வரும் என்று அங்கேயே உட்கார்ந்திருப்பது முதல் ஆபத்து. அந்தப் பாக்கிதான் உங்களைக் கட்டிப்போடும் கயிறு.

உக்ரைனின் மிக்கோலாயிவ் நகர அணியில் ஆடிய அமெரிக்கர் மாரிஸ் கிரீக்கைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தன் குடிமக்களை உக்ரைனை விட்டு வெளியேறச் சொல்லிக்கொண்டே இருந்தது. கிரீக்குக்கோ கிளப்போடு ஒப்பந்தக் கணக்கு தீரவில்லை. கிளம்பிவிட்டால் ஒப்பந்தத்தை முறித்தவர் அவராகிவிடுவார். பிப்ரவரி 24 அன்று போர் வெடித்தது. பதுங்கு குழியில் படுத்தெழுந்து, மால்டோவா எல்லையைத் தாண்டி ருமேனியா போய்ச் சேர்ந்தார். உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கும் பதினோரு ஆண்டுகளுக்கு முன் லிபியாவின் பெங்காசியில் அலெக்ஸ் ஒவூமி என்ற கூடைப்பந்து ஆட்டக்காரர் மாட்டினார். அப்போது லிபியாவை ஆண்ட கடாஃபியின் குடும்பத்துச் செல்வாக்கில் ஓடிய அல் நாசர் கிளப் அவருக்குச் சொகுசு வீடு கொடுத்திருந்தது. 2011 பிப்ரவரியில் கிளர்ச்சி மூண்டதும் அதே வீடு சிறையானது. தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. இரண்டு வாரம் போல உள்ளேயே அடைபட்டு, பூச்சி புழுவைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எகிப்துக்குத் தப்பி, அலெக்சாண்ட்ரியாவில் ஓர் அணியில் சேர்ந்து கோப்பையும் வென்றார் என்பது வேறு கதை. சினிமாக்காரர்களுக்கு அந்தக் கோப்பை பிடிக்கும். எனக்கு அந்த இரண்டு வாரம்தான் கண்ணில் நிற்கிறது.

போரெல்லாம் எப்போதோ வருவது என்று தள்ளிவிடுவீர்கள். சரி, தினசரி நடப்பதற்கு வருவோம். பல லீக்குகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. அந்த ஓரிரு இடத்தில் அமர்கிற ‘இம்போர்ட்’ ஒவ்வோர் ஆட்டத்திலும் புள்ளிகளைக் குவித்துத் தள்ள வேண்டும். நாலு ஆட்டம் சொதப்பினால் ஏஜென்ட் வேறு ஆளின் வீடியோவை அனுப்பியிருப்பார். முழங்கால் வீங்கினால் கேட்கவே வேண்டாம்: கிளப் டாக்டர் ‘தகுதி இல்லை’ என்று எழுதிவிட்டால் கிளப்புக்குச் செலவு மிச்சம். மருத்துவப் பரிசோதனையை வந்திறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும், அதன்பின் அதைக் காட்டி நீக்க முடியாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் விமானம் ஏறாதீர்கள்.

அடுத்த வரி இன்னும் முக்கியம். தகராறு வந்தால் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் கூடைப்பந்துத் தீர்ப்பாயம் விசாரிக்கும் என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும். 2007இல் தொடங்கிய அமைப்பு. சட்டப்படி அதன் இருப்பிடம் ஜெனீவா. அந்தந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழாமல், பொது நியாயத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அதன் வழக்கம். தீர்ப்பை மதிக்காத கிளப்புக்கு அபராதம் போடவும், புது ஆட்டக்காரரைச் சேர்க்கவிடாமல் தடுக்கவும் ஃபிபாவுக்கு அதிகாரம் உண்டு. அந்த ஒரு பத்தி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், மொழி தெரியாத ஊரில் கிளப் தலைவரின் சொந்தக்காரர்கள் நிறைந்த நீதிமன்றத்தில் நிற்கும்படி ஆகலாம்.

இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. சம்பளத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை ‘இமேஜ் உரிமை’ என்று வேறொரு கம்பெனி பெயரில் தனி ஒப்பந்தமாக நீட்டுவார்கள். வரியை மிச்சப்படுத்தத்தான் என்பார்கள். முதல் தாளில் தீர்ப்பாயம் பற்றிய பத்தி இருக்கும், இரண்டாவதில் இருக்காது. பணம் நிற்கும்போது முதலில் நிற்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘வரி போகக் கையில் இவ்வளவு’ என்று எழுதியிருந்தாலும், கிளப் அந்த வரியைக் கட்டிய சான்றிதழை வருஷக் கடைசியில் கேட்டு வாங்குங்கள். கட்டவில்லை என்றால் வரி அலுவலகம் தேடி வருவது உங்கள் பெயரைத்தான்.

ஒப்பந்தம் மட்டுமல்ல, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் பயமுறுத்தும் விஷயம். ரஷ்ய கிளப் தந்த சம்பளம் அமெரிக்கப் பெண்கள் லீக்கில் கிடைத்ததைவிடப் பல மடங்கு என்பதால் பல ஆண்டுகளாக எகாடெரின்பர்க் போய்வந்த பிரிட்னி கிரைனர், 2022 பிப்ரவரி 17 அன்று மாஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டார். பையில் ஒரு கிராமுக்கும் குறைவான கஞ்சா எண்ணெய். ஊரில் டாக்டர் பரிந்துரைத்தது என்றார். ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தார்கள். ஆயுத வியாபாரி விக்டர் பூட்டை விடுவித்துத்தான் டிசம்பரில் அமெரிக்காவால் அவரை மீட்க முடிந்தது. ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கே இந்தப் பாடு. பெயர் தெரியாத இரண்டாம் டிவிஷன் ஆட்டக்காரருக்காக எந்த அரசு யாரை விடுவிக்கும்?

கையெழுத்துக்கு முன் இரண்டே வேலை. தீர்ப்பாயத்தின் தீர்ப்புகள் வெளியிடப்படுகின்றன. அவற்றில் கிளப்பின் பெயரைத் தேடுங்கள். போன சீசன் அங்கே ஆடிய இம்போர்ட்டின் நம்பரை வாங்கி, “கடைசி மாதச் சம்பளம் வந்ததா?” என்று நேரடியாகக் கேளுங்கள். நம்பரைத் தர ஏஜென்ட் மழுப்பினால், அந்த ஏஜென்ட்டையும் மாற்றுங்கள்.