குழியைக் காக்கும் குருதிக்கட்டி

எழுத்துகள் பிறத்தற்குரிய எட்டு உறுப்புகளுள் பல்லையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறது தொல்காப்பியப் பிறப்பியல். 'பல் போனால் சொல் போச்சு' என்பது நாட்டு வழக்கு. இத்துணைச் சிறப்புடைய பல்லை எடுக்க நேர்ந்தால், இழப்பை எண்ணி வருந்துகிறோமேயன்றி, அது நீங்கிய இடம் எவ்வாறு ஆறுகிறது என எண்ணிப் பார்ப்பதில்லை. பல்லை எடுப்பது மருத்துவர் கடன். புண்ணைப் பேணுவது நம் கடன். அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கட்டியின் பணி

பல் நீங்கியதும் தாடையெலும்பில் ஒரு குழி எஞ்சுகிறது. அதில் ஊறும் குருதி உறைந்து கட்டியாகிறது. அழுக்குப் போலத் தோன்றும் இக்கட்டியே இயற்கை இட்ட மூடியாகும். எலும்பையும் நரம்பு முனைகளையும் காப்பது இது. புதிய திசு வளர்தற்கு இடந்தருவதும் இதுவே. ஈறு மூடச் சில வாரங்களும், குழியில் எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும். அதற்குள் கட்டி பெயர்ந்தோ கரைந்தோ போனால் எலும்பு வெளிப்பட்டுக் கடுநோவு தோன்றும். இந்நிலையை மருத்துவர் 'டிரை சாக்கெட்' என்பர். நாம் 'உலர்குழி' எனலாம். 1896ஆம் ஆண்டிலேயே கிராஃபோர்டு என்பார் இதனைப் பற்றி எழுதியுள்ளார். கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தோர்க்கே இது மிகுதியாக வருகிறது.

முதல் நாள்

மருத்துவர் வைத்த பஞ்சுத் துணியை முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் அழுத்திக் கடித்திருத்தல் வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தல் கூடாது. ஒரு துளிக் குருதியும் உமிழ்நீரிற் கலந்தால் வாய் நிறைந்த குருதி போலத் தோன்றும். அதனைக் கண்டு அஞ்சிக் காறித் துப்புவோர் பலர். துப்புந்தோறும் கட்டி அசையும் என்பதை அவர் அறியார். எனவே உமிழ்நீரை விழுங்கிவிடுதலே நன்று. உறிஞ்சு குழலால் இளநீர் பருகுதலும் இக்காரணம் பற்றியே தவிர்க்கத் தக்கது.

முதல் நாள் முழுவதும் வாய் கொப்பளித்தல் ஆகாது. கன்னத்தின் புறத்தே துணியிற் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தும், சிறிது நேரம் எடுத்தும் வரின் வீக்கம் குறையும். சூடான காப்பி, காரம், முறுக்கு போன்ற கடினப் பண்டங்கள் ஆகா. ஆறிய கஞ்சியும் தயிர்ச்சோறும் ஏற்றவை. மரத்த உதட்டைக் குழந்தைகள் தம்மையறியாமற் கடித்துப் புண்ணாக்கிக் கொள்வர். உணர்வு திரும்பும் வரை உடனிருத்தல் பெற்றோர் கடன்.

அடுத்த நாள்கள்

மறுநாள் முதல் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப்பின் வாயில் நிறுத்தித் தலையைச் சாய்த்து, நீரைத் தானே வழியவிடல் வேண்டும். விசையுடன் கொப்பளித்தல் தீது. புண்ணை ஒதுக்கி, ஏனைப் பற்களை மெல்லத் துலக்கலாம். புகைப்போர்க்கு உலர்குழி வருதல் மிகுதி. வாயிற் புகையிலை அடக்குவோரும் புண் ஆறும் வரையேனும் அதனை விடுதல் வேண்டும். அன்றே முற்றும் விட்டொழித்தல் இன்னும் சிறப்பு.

நோவுக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் புண்ணின்மேல் வைப்பது ஒரு தவறான வழக்கம். அது ஈற்றைச் சுட்டுவிடும். கிராம்புத் தைலத்தைக் குழியிலே ஊற்றுதலும் ஊறு செய்யும். மருத்துவர் தந்த மாத்திரையே போதும்.

முன்னரே கூறவேண்டியவை

நீரிழிவு உடையோரும், குருதி உறையாதிருக்க மாத்திரை உண்போரும், எலும்பு மெலிவுக்கு மருந்து கொள்வோரும் அதனைப் பல் எடுக்குமுன் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். எலும்பு மெலிவு மருந்துகளுட் சில தாடையெலும்பு ஆறாமற் செய்யக்கூடும் என்பது 2003ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ளது. ஆயினும் எம்மருந்தையும் தாமே நிறுத்துதல் கூடாது. இதய நோயாளர்க்கு அது உயிர்க்கே இறுதியாகலாம்.

காலந்தாழ்த்தலாகாதவை

வீக்கம் இரண்டு மூன்று நாள்களில் உச்சம் எய்திப் பின்னர் வடிதல் இயல்பு. நோவும் நாளுக்கு நாள் குறைதல் வேண்டும். குறைந்து வந்த நோவு இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் மீண்டும் மூண்டு காதுவரை தெறித்தால் அஃது உலர்குழியாகலாம். 'பல் எடுத்தால் வலிக்கத்தான் செய்யும்' எனப் பொறுத்திருத்தல் வேண்டா. மருத்துவர் குழியைக் கழுவி மருந்திட்ட துணியை வைத்தால் நோவு விரைவில் தணியும். அழுத்திக் கடித்தும் நில்லாத குருதி, காய்ச்சல், சீழ், பெருகிவரும் வீக்கம் ஆகியனவும் மருத்துவரை நாடவேண்டிய குறிகள். வாயின் அடிப்பகுதி வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பாடு நேரின் நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. ஒரு சிறு குருதிக்கட்டியைச் சில நாள் அசையாமற் காக்கும் பொறுமையே வேண்டுவது. அப்பொறுமை உடையார்க்கு இயற்கை தன் பணியைச் செவ்வனே செய்து முடிக்கும்.