எண்பத்தொன்பது வயதில் பந்தயத்துக்கு வந்த கமக்காரர்

2011ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13, வியாழக்கிழமை. கனடாவின் ரொறன்ரோ நகரில், எம்மவர் பலர் குடியேறி வாழும் ஸ்காபுறோப் பகுதியிலுள்ள பேர்ச்மவுண்ட் மைதானத்தில் ஒரு முதியவர் ஓடினார். தலையில் தலைப்பாகை, நீண்ட வெண்தாடி, மெலிந்த கால்கள். 100 மீற்றரில் தொடங்கி 5,000 மீற்றர் வரை எட்டுத் தூரங்களை அன்று ஒரே நாளில் ஓடி முடித்தார். 100 மீற்றருக்கு 23.14 செக்கன். 5,000 மீற்றருக்கு ஐம்பது நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. எட்டில் ஐந்து, அவருடைய வயதுப் பிரிவில் உலக சாதனைகள் என்று அறிவிக்கப்பட்டன. எஞ்சியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க முன்னைய கணக்கே இருக்கவில்லை. அந்த வயதில் எவரும் அத்தூரங்களை ஓடிப் பார்த்ததில்லை.

அவருடைய கடவுச்சீட்டின்படி அப்போது அவருக்கு வயது நூறு. பெயர் பௌஜா சிங். மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அதே நகரின் மரதன் ஓட்டத்தில் அவர் நிற்கவேண்டியிருந்தது.

இவர் விளையாட்டு வீரராக வளர்ந்தவர் அல்லர். இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில் ஜலந்தருக்கு அருகேயுள்ள பியாஸ் பிண்ட் என்ற கிராமத்துக் கமக்காரர். பிள்ளைப் பருவத்தில் கால்கள் பலவீனமாக இருந்தன. ஐந்து வயதாகும்வரை நடக்கவில்லை. குச்சிக்கால் என்ற பொருள்பட ஊர்ப் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் போகவில்லை, எழுத வாசிக்கத் தெரியாது. நிலத்தை உழுதார், மாடு பார்த்தார், பிள்ளைகளை வளர்த்தார். எங்கள் ஊர்களில் நாம் நாளாந்தம் கண்ட மனிதர்தாம்.

1992இல் மனைவி இறந்தார். 1994இல் மகன் ஒருவர் விபத்தில் இறந்தார், அதுவும் தகப்பனின் கண்முன்னாலேயே. அதன் பிறகு ஊரில் இருக்க அவரால் முடியவில்லை. இங்கிலாந்தில் இருந்த இன்னொரு மகனிடம், இலண்டனின் கிழக்குப் புறத்திலுள்ள இல்ஃபோர்ட் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார். ஆங்கிலம் தெரியாது. செய்வதற்கு வயல் இல்லை, மாடும் இல்லை. எண்பது வயதைத் தாண்டிய கமக்காரர் ஒருவர் நாலு சுவருக்குள் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட நிலை என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. முகாமிலும், உறவினர் வளவிலும், பிறர் திண்ணையிலும் தகப்பன்மார் அப்படி இருந்ததை நீங்களே கண்டிருப்பீர்கள்.

அவர் வெளியே இறங்கி நடந்தார். நடை மெல்ல மெல்ல ஓட்டமாகியது. துக்கத்திலிருந்து மனத்தைத் திருப்பவே ஓடத் தொடங்கியதாகப் பின்னாளில் சொன்னார். ஹர்மந்தர் சிங் என்ற பயிற்சியாளரிடம் முதல்நாள் போனபோது கோட்டு சூட்டு அணிந்து போனாராம். மரதன் 26 மைல் என்பதை 26 கிலோமீற்றர் என்று விளங்கிக்கொண்டிருந்தார் என்றும் சொல்வர். உண்மையில் அது 42 கிலோமீற்றருக்கும் சற்று அதிகம். ஏறக்குறைய வவுனியாவிலிருந்து மாங்குளம் போகிற தூரம். 2000ஆம் ஆண்டு இலண்டன் மரதனை 6 மணித்தியாலம் 54 நிமிடத்தில் ஓடி முடித்தார். அப்போது வயது 89. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான நிதிக்காக அவர் ஓடினார். 2003இல் ரொறன்ரோவில், 92 வயதில், 5 மணித்தியாலம் 40 நிமிடத்தில் முடித்தார். வயது கூட நேரம் குறைந்திருக்கிறது!

இது எப்படி இயலும்? ஐம்பது வயதுக்குப் பின் ஆண்டுதோறும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வேலை நின்றால் இன்னும் வேகமாகக் கரைகிறது. ஆனால் வேலை கொடுத்தால் எந்த வயதிலும் தசை பதில் சொல்கிறது. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதியோர் பராமரிப்பு நிலையத்தில் இருந்த பத்துப் பேருக்கு, சராசரி வயது 90, எட்டு வாரம் கால்களுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுக் கால்களுக்கும் கற்றுக்கொள்ளத் தெரிகிறது.

ஆகவே முகாமில் இருக்கும் ஐயாவை, ‘நீங்கள் இருங்கோ, நாங்கள் பார்க்கிறோம்’ என்று எதற்கும் கதிரையில் இருத்தி வைப்பது அன்பாகத் தோன்றினாலும் அவருக்கு நன்மை அன்று. கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பதை நாளுக்குப் பத்துத் தடவை செய்தாலே அதுவும் பயிற்சிதான். கிணற்றடிக்கு நடக்கட்டும், வீட்டுத்தோட்டத்தில் நாலு பாத்தி கொத்தட்டும். நெஞ்சு நோவு, தலைச்சுற்று, மூச்சு முட்டல் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவேண்டும். பௌஜா சிங்கைப் போல மரதன் ஓடும்படி நான் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கே அது இயலாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஆயிரக்கணக்கானோர் கூடி நின்றதால் தொடக்கக் கோட்டைத் தாண்டவே அவருக்குப் பதினான்கு நிமிடம் சென்றது. கென்யாவைச் சேர்ந்த கெனத் முன்காரா, நான்காவது முறையாகத் தொடர்ந்து வென்று, இரண்டு மணி பத்து நிமிடமளவில் போட்டியை முடித்துவிட்டார். பௌஜா சிங் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வீதம், சந்தைக்கு விரைந்து நடப்பவரின் வேகத்தில், போய்க்கொண்டிருந்தார். கூடவே பயிற்சியாளரும் ஆதரவாளர்களும். 35ஆவது கிலோமீற்றர் அளவில் உடல் தளர்ந்தது. தசைகளில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்துபோகும் இடம் அது. இளைஞர்களே அங்கு இருந்துவிடுவதுண்டு. கடைசி மைல்களைக் கடவுளோடு பேசிக்கொண்டே ஓடுவேன் என்று அவர் சொல்வது வழக்கம்.

அவர் முடிவிடத்தை நெருங்கியபோது வேலிகளையும் விளம்பரத் துணிகளையும் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். தமக்குரிய 8 மணித்தியாலம் 11 நிமிடம் 6 செக்கனில், எல்லாருக்கும் கடைசியாக, அவர் வந்து சேர்ந்தார். நூறு வயதில் முழு மரதனை ஓடி முடித்த முதல் மனிதர் என்று மறுநாள் உலகப் பத்திரிகைகள் எழுதின.

கின்னஸ் சாதனைப் புத்தகம் மட்டும் பதியவில்லை. பிறந்த ஆண்டிலேயே எழுதப்பட்ட பிறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். அவரிடம் 1911 ஏப்ரல் 1 எனக் காட்டும் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது. நூறாவது பிறந்தநாளுக்கு இங்கிலாந்து மகாராணி அனுப்பிய வாழ்த்துக் கடிதம் இருந்தது. 1911இல் அங்கு பிறப்புகள் பதியப்படவில்லை என்று இந்திய அதிகாரிகள் கொடுத்த கடிதமும் இருந்தது. போதாது என்றார்கள். இந்தியாவில் நாடு முழுவதற்குமாகப் பிறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல் தான் வந்தது என்பதை இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

நியாயமாகப் பேசினால், கின்னஸ்காரர் சொன்னதிலும் காரணம் உண்டு. வயதைக் கூட்டிச் சொன்னவர்களை அவர்கள் நிறையக் கண்டவர்கள். ஏப்ரல் முதலாந் திகதி என்பது அலுவலகம் ஒன்று வசதிக்குப் போட்ட திகதியோ என்று ஒருவர் ஐயப்படவும் இடமுண்டு. ஆனால் எல்லார் ஊரிலும் பதிவேடு இருந்தது, எல்லார் வீட்டிலும் பெட்டகம் இருந்தது என்று எண்ணுகிறவர்கள் எழுதிய விதி அது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் காணி உறுதியையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள், பிறகு ஒரு கடதாசிக்காகக் கச்சேரிக்கும் கிராம சேவையாளர் வீட்டுக்கும் எத்தனை தடவை அலைந்தார்கள்! அங்கும் இதே கேள்விதான்: ‘நீ யார் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?’ பௌஜா சிங்கிற்கு ஒரு புத்தகத்தில் பெயர் வராமல் போனது. எங்கள் சனத்துக்கு அதனால் போனது காணி.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 2012இல் இலண்டன் ஒலிம்பிக் தீபத்தை ஏந்தினார். 2013 பெப்ரவரியில் ஹொங்கொங்கில் 10 கிலோமீற்றரை 1 மணித்தியாலம் 32 நிமிடத்தில் ஓடிவிட்டுப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். ஓட்டத்தை நிறுத்தினாரே தவிர நடையை நிறுத்தவில்லை. உணவும் அதே ஊர் உணவுதான்: ரொட்டி, பருப்பு, மரக்கறி, தயிர், இஞ்சித் தேநீர், எல்லாம் அளவாக.

பிற்காலத்தில் பியாஸ் பிண்டுக்கே திரும்பினார். 2025 ஜூலை 14இல், தமது கிராமத்தருகே வீதியைக் கடக்கும்போது வாகனம் மோதி இறந்தார். செய்தி வெளியிட்ட பத்திரிகைகள் வயது 114 என்று போட்டன. அது கடவுச்சீட்டிலிருந்து எடுத்த கணக்கு.