எழுதினால் படம் ஓடும்!

டி.வி.யில் கார்ட்டூன் பார்க்காதவர்கள் உங்களில் யாராவது உண்டா? எலி ஓடுகிறது. பூனை துரத்துகிறது. சுவரில் மோதி அப்பளம் போல் ஆகிறது. அடுத்த நொடியே எழுந்து மறுபடியும் ஓடுகிறது. உண்மையில் அந்தப் பூனை ஓர் அடிகூட நகரவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா?

கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்ட படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டுகிறார்கள். நம் கண்ணும் மூளையும் சேர்ந்து, 'பூனை ஓடுகிறது' என்று நினைத்துக்கொள்கின்றன. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும்.

எங்கே, ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை படம்? 24 x 60 = 1,440. பத்து நிமிடக் கதைக்கு 14,400. நீங்கள் ஒருவரே ஒரு நாளைக்குப் பத்துப் படம் வரைந்தால், 1,440 நாட்கள் ஆகும். ஏறக்குறைய நான்கு வருடம்! ஒரே படத்தை இரண்டு முறை காட்டிச் சமாளிப்பதும் உண்டு. அப்படிச் செய்தாலும் இரண்டு வருடம் வேண்டும்.

வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' படம் 1937-ஆம் ஆண்டு வெளிவந்தது. 83 நிமிடம் ஓடும் அந்தப் படத்துக்காகப் பல நூறு பேர் சுமார் மூன்று ஆண்டுகள் உழைத்தார்கள். ஸ்னோ ஒயிட் கையைத் தூக்கும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கை கீழே இருக்கும் படத்தையும், மேலே போய்விட்ட படத்தையும் தலைமை ஓவியர் வரைவார். நடுவில் வர வேண்டிய படங்களை இளைய ஓவியர்கள் வரைவார்கள். அப்படி வரைந்து வரைந்துதான் அவர்களும் பின்னாளில் பெரிய ஓவியர்கள் ஆனார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1995-ல் 'டாய் ஸ்டோரி' முழுவதும் கம்ப்யூட்டரிலேயே உருவானது. ஆனாலும் ஒவ்வொரு பொம்மையையும் மனிதர்கள்தான் வடிவமைத்து, அசைய வைத்தார்கள்.

இப்போது அடுத்த படி வந்திருக்கிறது. 'மழையில் நனைந்தபடி ஒரு பூனைக்குட்டி தெருவைக் கடக்கிறது' என்று எழுதினால் போதும். சில நிமிடங்களில் பூனைக்குட்டி தெருவைக் கடக்கிறது! இந்த வேலையைச் செய்வது செயற்கை நுண்ணறிவு. இதற்காகவே உலகில் பல புதிய நிறுவனங்கள் தோன்றியுள்ளன. அவற்றில் ஒன்றின் கதையைப் பார்ப்போமா?

மூன்று மாணவர்கள், ஒரு யோசனை

தென் அமெரிக்காவில், வரைபடத்தில் மிளகாய் போல் நீண்டு ஒல்லியாக இருக்கும் நாடு சிலி. அங்கே பொருளாதாரமும் வணிகமும் படித்தவர் கிறிஸ்டோபல் வலன்சுவேலா. கம்ப்யூட்டரைப் படம் வரைய வைக்கும் ஆராய்ச்சி அவரை மிகவும் கவர்ந்தது. அதைப் படிப்பதற்காகவே அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சிலியைச் சேர்ந்த அலெகாந்த்ரோ மத்தமாலாவும், கிரேக்க நாட்டைச் சேர்ந்த அனஸ்தாசிஸ் ஜெர்மனிடிஸும் நண்பர்களானார்கள். மூவரும் சேர்ந்து 2018-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் பெயர் 'ரன்வே'.

ஏன் அந்தப் பெயர்? பயிற்சி பெற்ற செயற்கை நுண்ணறிவு நிரலை 'மாடல்' என்பார்கள். அழகிய உடை அணிந்து மாடல்கள் நடந்து வரும் மேடைக்கு 'ரன்வே' என்று பெயர். பொருத்தம் புரிகிறதா?

அவர்கள் எடுத்த எடுப்பிலேயே எழுத்தைப் படமாக்கிவிடவில்லை. முதலில் ஒரு குறையைக் கவனித்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அருமையான நிரல்களை எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் மொழி தெரியாத ஓவியர்களால் அவற்றைத் தொடக்கூட முடியவில்லை. எனவே, பட்டனை அழுத்தினால் வேலை செய்யும்படி அவற்றை எளிமையாக்கிக் கொடுத்தார்கள். வீடியோவில் ஆளை மட்டும் வைத்துக்கொண்டு பின்னணியை நீக்குவது போன்ற கருவிகளையும் செய்தார்கள்.

'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் இரண்டு பாறைகள் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. அதற்கான கிராபிக்ஸ் வேலையில் ரன்வேயின் கருவி உதவியது. அந்தப் படம் 2023-ல் ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றது!

கலைந்த கோலம் சேருமா?

சரி, வாக்கியம் எப்படிப் படமாகிறது?

வாசலில் ஒரு கோலம். காற்று லேசாக அடிக்கிறது. ஓரம் கொஞ்சம் கலைகிறது. இன்னும் அடிக்கிறது. இன்னும் கலைகிறது. கடைசியில் வெறும் வெள்ளைப் பொடிதான் மிச்சம். ஒவ்வொரு கட்டத்தையும் கூர்ந்து பார்க்கும் ஒருவர், 'இதற்கு முந்தைய கட்டத்தில் பொடி எங்கே இருந்திருக்கும்?' என்று யோசித்துப் பழகுகிறார் என்று வையுங்கள். லட்சக்கணக்கான கோலங்களில் பழகிவிட்டால், வெறும் பொடியைக் கொடுத்தாலும் படிப்படியாக ஒரு கோலத்தை வரவழைத்துவிடுவார்.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் பழகுகிறது. கோடிக்கணக்கான படங்களில் புள்ளிகளைத் தூவிக் கலைத்து, அதை நீக்கும் பயிற்சியைக் கொடுக்கிறார்கள். எந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்ற குறிப்பும் கூடவே உண்டு. பழகிய பின், வெறும் புள்ளிக் குவியலைக் கொடுத்து 'பூனைக்குட்டி' என்றால், புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து பூனைக்குட்டியைக் கொண்டு வருகிறது. இதற்கு 'டிஃப்யூஷன்' முறை என்று பெயர். ரன்வே ஆராய்ச்சியாளர்களும் ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தாரும் செய்த ஆராய்ச்சியிலிருந்துதான், எழுத்தை அசையாத படமாக்கும் 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' 2022-ல் வந்தது.

அசையும் படம் இதைவிடக் கடினம். முதல் படத்தில் பூனையின் காது கறுப்பாக இருந்தால், அடுத்த படத்திலும் கறுப்பாகவே இருக்க வேண்டும் அல்லவா? அதனால் எல்லாப் படங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டபடியே சரிசெய்ய வேண்டும்.

2023 பிப்ரவரியில் ரன்வே 'ஜென்-1' என்ற மாடலை வெளியிட்டது. மேஜையில் அடுக்கிய புத்தகங்களை வீடியோ எடுத்துக் கொடுத்தால், அதை வானுயர்ந்த கட்டடங்கள் நிறைந்த நகரமாக மாற்றும். அடுத்த மாதமே 'ஜென்-2' அறிவிக்கப்பட்டது. இதற்கு வீடியோவே வேண்டாம், வாக்கியம் போதும். கிடைத்ததோ சுமார் நான்கு நொடிப் படம். கையில் ஆறு விரல் இருக்கும். திரும்பினால் முகம் மாறிவிடும்! 2025-ல் வந்த 'ஜென்-4'-இல், வெவ்வேறு காட்சிகளிலும் ஒரே கதாபாத்திரம் அதே முகத்தோடு வருவதற்குத்தான் முக்கியத்துவம் கொடுத்தார்கள்.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த கம்ப்யூட்டர் சில்லுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். பணம்? இத்தகைய புதிய நிறுவனங்கள், லாபம் வருவதற்கு முன்பே முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி நடக்கின்றன. 2023-ல் கூகுள், என்விடியா உள்ளிட்டவர்களிடம் ரன்வே திரட்டியது 14.1 கோடி டாலர்.

அந்தப் படங்கள் யாருடையவை?

கம்ப்யூட்டர் கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது என்றேன். அவற்றை வரைந்தது யார்? எடுத்தது யார்? மனிதர்கள்தானே!

அமெரிக்க ஓவியர்கள் சிலர் 2023-ல் இதே கேள்வியோடு நீதிமன்றத்துக்குப் போனார்கள். செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்கும் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அதே ஆண்டு ரன்வேயும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டது. 'எங்களைக் கேட்காமல் எங்கள் படங்களை எடுத்துப் பழக்கியது தவறு' என்பது ஓவியர்களின் வாதம். 'பார்த்துக் கற்றுக்கொள்வது காப்பியடிப்பது ஆகாது' என்பது இத்தகைய நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் பதில்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பள்ளிக் கண்காட்சியில் நீங்கள் வைத்த ஓவியத்தைப் பார்த்து ஒருவன் வரையக் கற்றுக்கொண்டால் உங்களுக்கு மகிழ்ச்சிதான். அதே பாணியில் ஒரு நாளில் ஆயிரம் படம் செய்து விற்றால்? வீட்டில் அப்பா, அம்மாவோடு பேசிப் பாருங்கள். நடுவில் வரும் படங்களை வரைந்து தொழில் கற்கும் இளைய ஓவியர்கள் இனி எங்கே போய்ப் பழகுவார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

'அப்படியானால் நான் வரையக் கற்றுக்கொள்ள வேண்டுமா? கம்ப்யூட்டரே வரைந்துவிடுமே!' என்று உங்களில் யாராவது கேட்கலாம். கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். 'சோகமான பூனை நடக்கிறது' என்று எழுதினால் கம்ப்யூட்டர் பத்து விதமான பூனைகளைக் காட்டும். எது சரியான பூனை? வால் தொங்கியிருக்குமா? காது மடங்கியிருக்குமா? அடி எடுத்து வைக்கும் வேகம் என்ன? பூனையை உட்கார்ந்து கவனித்து, நான்கு முறையாவது வரைந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும். சரியானதைத் தேர்ந்தெடுக்கவும், தவறானதைத் தள்ளவும் அந்தக் கண் வேண்டும்.

இன்னொன்று. இத்தகைய செயலிகளைப் பெரியவர்கள் துணையோடு மட்டும் பயன்படுத்துங்கள். நண்பரின் போட்டோவை அவரைக் கேட்காமல் போட்டு விளையாடாதீர்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: சிறிய நோட்டு ஒன்று, பென்சில்.

1. நோட்டில் 25 தாள்களுக்கு ஓரமாக எண் போடுங்கள்.

2. முதல் தாளின் மூலையில், உயரத்தில் ஒரு பந்து வரையுங்கள். 13-ஆவது தாளில் பந்து தரையில் பட்டுச் சற்றே நசுங்கட்டும். 25-ஆவது தாளில் மறுபடியும் உயரத்தில்.

3. நடுவில் உள்ள தாள்களை நிரப்புங்கள். உயரத்தில் இருக்கும்போது பந்து கொஞ்சமாக நகரட்டும். தரையை நெருங்க நெருங்க இடைவெளி அதிகமாகட்டும்.

4. தாள்களைக் கட்டைவிரலால் சர்ரென்று விடுங்கள். பந்து துள்ளும்! நீங்கள் வரைந்தது சினிமாக் கணக்கில் சுமார் ஒரு நொடிப் படம்.

5. இப்போது அந்தப் பந்து துள்ளியதை ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள். நோட்டைக் காட்டாமல், எழுதியதை மட்டும் உங்கள் தோழனிடமோ தோழியிடமோ கொடுத்து வரையச் சொல்லுங்கள். உங்கள் பந்தும் அவர்கள் பந்தும் ஒன்று போலத் துள்ளுகின்றனவா? இல்லையென்றால், எந்த வாக்கியத்தில் எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்று கண்டுபிடித்து, திருத்தி எழுதுங்கள்.