நீரைக் குறைப்பது பரிகாரமன்று

இளம்பிள்ளையிலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக் கொட்டகைகளின் ஓயாத ஓசைக்கு நடுவே நாள் முழுவதும் நிற்கிறவர்களாயினும், ராசிபுரத்துக்கும் ஆத்தூருக்கும் இடைப்பட்ட காடுகளில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறவர்களாயினும், மாசம் முற்றிய பெண்கள் நெருங்கியவர்களிடம் மட்டுமே வாய்விட்டுச் சொல்லும் சிரமம் ஒன்றுண்டு. அடிக்கடி நீர் பிரிவதே அது. நர்சம்மாவிடம் கூறவும் கூசி, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துத் தாமாகவே பரிகாரம் தேடிக்கொள்கிறவர்கள் பலர். அந்தப் பரிகாரந்தான் உண்மையான அபாயம்.

நீர் அடிக்கடி பிரிவது கர்ப்பத்தின் சுபாவம். கரு தரித்த சில வாரங்களிலேயே சிறுநீரகங்களுக்குப் பாயும் இரத்தம் பெருகி, அவை வடிகட்டும் அளவு சுமார் 50 சதவீதம் உயர்ந்துவிடுகிறது. நடு மாதங்களில் கர்ப்பப்பை இடுப்புக் கூட்டை விட்டு மேலெழும்புவதால் சற்றே ஆறுதல் கிடைத்தாலும், தலைச்சன் பிள்ளையானால் 36-ஆவது வாரத்தை ஒட்டிச் சிசுவின் தலை கீழிறங்கி மூத்திரப்பையை அழுத்தத் தொடங்க, 'வயிறு இறங்கிவிட்டது' என்று பாட்டிமார் கண்டுகொள்ளும் அந்நாள் முதல், மூச்சு எளிதாகிறது. ஆனால் கொஞ்சம் நீர் சேர்ந்தாலும் எழுந்து போகவேண்டியதாகிறது. பகலெல்லாம் நின்றதனால் கால்களில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்தில் திரும்பிச் சேர்ந்து சிறுநீராய் வெளியேறுவதால், இரவில் தூக்கமும் கெடுகிறது.

கர்ப்பகாலச் சுரப்புகளால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து, நீர் மெதுவாகவே வடிகிறது. இந்நிலையில் தண்ணீரையும் குறைத்து, வந்த நீரையும் அடக்கிவைத்தால், கிருமிகள் பெருகிச் சிறுநீரகம்வரை ஏறிக் குளிர்காய்ச்சலையும், சிலருக்குக் குறைமாதப் பிரசவத்தையும் உண்டாக்கக்கூடும். கிருமி இருந்தும் யாதொரு குறியும் தோன்றாதிருப்பதுண்டு. ஆகையால்தான் சிறுநீர்ப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கலாகாது.

சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில் தண்ணீரைக் குறைப்பது இரட்டிப்புக் கவலை. வேலைக்குச் செல்லும் 800 கர்ப்பிணிகளைத் தமிழகத்தில் ஆராய்ந்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2024-இல் வெளியிட்ட முடிவு, கடும் வெப்பத்தில் உழைப்போருக்குக் கருச்சிதைவு முதலிய கேடுகளின் அபாயம் ஏறக்குறைய இருமடங்கு என்கிறது. கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை வாங்கிக்கொண்டு, 'நிறையத் தண்ணீர் குடி' என்று ஒரு கர்ப்பிணிக்கு உபதேசிப்பது நியாயமாகுமா? சுத்தமான கழிப்பறையும், கேட்காமலே போய்வரும் உரிமையும் தறி முதலாளியும் காட்டுக்காரரும் செய்துதரவேண்டிய கடமையே, தயவன்று.

பகலில் தாராளமாகப் பருகி, படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து மட்டும் அளவைக் குறைப்பதும், முன்புறம் சற்றுச் சாய்ந்து நீரை முழுவதும் கழிப்பதும், மாலையில் சிறிதுநேரம் கால்களை உயர்த்தி ஒருக்களித்துப் படுப்பதும் போதுமான உபாயங்கள்.

எரிச்சல், இரத்தம், காய்ச்சல், விலாவலி இவற்றுள் எது கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். அடிக்கடி நீர் பிரிவதோடு தீராத தாகமும் சேர்ந்திருந்தால், சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளவேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் இரத்தம் பார்க்கும் அந்தச் சோதனை, நீரிழிவு நிபுணர் டாக்டர் வி. சேஷையாவின் பெருமுயற்சியால் நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள்வரை வந்திருக்கிறது. இதற்கு மாறாக, நீர் குறைந்து, முகம் வீங்கி, தலைவலியோடு கண் மங்கினால் அது இரத்தக் கொதிப்பின் எச்சரிக்கை. ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. அடக்கமுடியாமல் வாசனையற்ற நீர் கசிந்துகொண்டேயிருந்தாலோ, அது சிறுநீரன்று, பனிக்குட நீராக இருக்கக்கூடும். வலி எடுக்கட்டும் என்று காத்திராமல் சுத்தமான துணியை வைத்துக்கொண்டு, 108-ஐ அழைத்து, பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிடவேண்டும்.